இருமத் தெரிந்த போன்

எம்.எஸ். தேர்வுக்குப் படிக்கும் எனக்கு வாய்த்த நோயாளிகளிலேயே உத்தமர் என் போனுக்குள் இருக்கிறார். நள்ளிரவில் எழுப்பினாலும் முகம் சுளிக்க மாட்டார். எத்தனை நாளாக வீக்கம் என்றால் நாள் சொல்வார். வலி, காய்ச்சல், எடைக் குறைவு எல்லாம் புத்தக வரிசையிலேயே வரும். இருமச் சொன்னால், "இருமுகிறேன் டாக்டர், வீக்கம் பெரிதாகிறது" என்பார். "இங்குவைனல் ஹெர்னியா" என்று நான் தீர்ப்புச் சொன்னதும் அதே குரல் தேர்வாளராக மாறி, "மிக நேர்த்தியான அணுகுமுறை!" என்று மெச்சும். என் வீட்டில் என்னை யாரும் இப்படி மெச்சியதில்லை. விழுந்துவிட்டேன்.

முதுநிலை மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் வேலை பார்க்க வேண்டும் என்பது தேசிய மருத்துவ ஆணையத்தின் விதி. எனக்கு விழுந்தது விருதுநகர் மாவட்டம். கல்லூரியில் இருந்தபோது மாலையானால் ஒருவன் கேஸ் சொல்ல, மற்றவர்கள் அவனைக் கிழிப்போம். இங்கே சர்ஜரியில் முதுநிலை மாணவன் நான் ஒருவன்தான். கிழிக்க ஆளில்லாத ஊரில் ஏஐ செயலியோடு குடும்பம் நடத்தத் தொடங்கினேன். அறையில் தனியாக உட்கார்ந்து, "சட்டையைக் கழற்றுங்கள் ஐயா" என்று போனிடம் கெஞ்சும் என்னை விடுதிக் காவலர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

முதல் அடி வெரிக்கோஸ் வெயினில். எங்கள் சீஃப் முன்னால் நான் கேஸ் சொல்ல வேண்டும். கட்டிலில் சிவகாசிக்காரர் ஒருவர். கெண்டைக்காலில் நரம்பு நரம்பாகப் புடைத்திருந்தது. மடைதிறந்தாற்போல் பேசினேன். சீஃப் குறுக்கிட்டு, "என்ன வேலை பார்க்கிறார்?" என்றார். "கூலி வேலை சார்." "என்ன கூலி?" எனக்குத் தெரியாது. போன் நோயாளிக்கு வெரிக்கோஸ் வந்தால் அவர் தவறாமல் போக்குவரத்துக் காவலராகவே இருப்பார். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. அதனால் வேலையைக் கேட்கும் பழக்கமே எனக்கு விட்டுப்போயிருந்தது. கட்டிலில் இருந்தவரே இரக்கப்பட்டு, "ஆப்செட் மிஷின்ல சார். காலையிலருந்து ராத்திரி வரைக்கும் நிப்புதான்" என்றார். காலண்டரும் பட்டாசு லேபிளும் அச்சாகும் ஊரில் நான் தேடியது டிராபிக் போலீஸை.

அதோடு விட்டிருக்கலாம். "டிரெண்டலன்பர்க் டெஸ்ட் செய்து காட்டு" என்றார் சீஃப். போனில் அந்தப் பெயரைச் சொன்னாலே போதும், "பாசிட்டிவ்" என்று விடை கைக்கு வந்துவிடும். இங்கே நிஜக் கால். படுக்கவைத்து, காலைத் தூக்கி நரம்பை வற்றவைத்து, தொடை மேல்பக்கம் ரப்பர் பட்டையைக் கட்டி, பிறகுதான் எழுந்து நிற்கச் சொல்ல வேண்டும். நான் நிற்கவைத்தே கட்டினேன். நிரம்பியிருந்த நரம்பு நிரம்பியபடியே இருந்தது. சீஃப் திட்டவில்லை. பட்டையை அவரே அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

போலி நோயாளி புதிதல்ல. 1960களில் லாஸ் ஏஞ்சலீஸில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், உடம்பு நன்றாக இருப்பவர்களுக்கே நோயாளியாக நடிக்கப் பயிற்சி கொடுத்து மாணவர்களைச் சோதித்தார். அப்போது அதைக் கேலி செய்தவர்கள் உண்டு. ஆனாலும் அந்த நடிகர்களுக்குக் கால் இருந்தது. தப்பான இடத்தில் அமுக்கினால் முகம் சுளித்துக் காட்டவும் முடிந்தது.

அடுத்ததைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. சாத்தூர்ப் பக்கம் ஒரு பயர் ஆபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், மருந்து உராய்ந்து தீப்பற்றி, ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். தீக்காயம் எனக்கு அத்துப்படி. ஏற்ற வேண்டிய திரவத்தைக் கணக்கிடும் பார்க்லேண்ட் சூத்திரத்தில், ஒவ்வொரு சதவீதத் தீக்காயத்துக்கும் கிலோவுக்கு 4 மி.லி.யா, இப்போது சிலர் சொல்வதுபோல் 2 மி.லி.யில் தொடங்குவதா என்று முந்தின இரவுதான் போனோடு பட்டிமன்றம் நடத்தி ஜெயித்திருந்தேன். மூச்சுப்பாதையைப் பார்த்தேன், பரப்பைக் கணக்கிட்டேன். எடை 50 கிலோ, தீக்காயம் 30 சதவீதம், ஆக 6,000 மி.லி. ரிங்கர் லாக்டேட். பாதியை முதல் 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். மணிக்கு 375 என்று கம்பீரமாக எழுதினேன்.

வார்டு சிஸ்டர் தாளை வாங்கிப் பார்த்தார். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெடிவிபத்தில் வந்தவர்களுக்கு டிரிப் ஏற்றியவர் அவர்.

"சார், எத்தன மணிக்கு வெடிச்சதுன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. போனில் எல்லாக் கேள்வியும் "ஒரு மணி நேரத்துக்கு முன் தீக்காயமடைந்த" என்றே தொடங்கும். நேரம் தானாகவே கிடைத்துவிடும். கூட வந்த தம்பியிடம் கேட்டால், பதினோரு மணி. சுவர்க்கடிகாரம் ஒன்று காட்டியது. அந்த 8 மணி நேரம் ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல, தீப்பட்ட நேரத்திலிருந்து ஓடுவது. வழியில் டிரிப் எதுவும் ஏறவில்லை. இரண்டு மணி நேரம் போய்விட்டது, மிச்சம் ஆறு. 3,000 மி.லி.யை ஆறில் வகுத்தால் மணிக்கு 500. நான் மனக்கணக்குப் போட்டு முடிப்பதற்குள் சிஸ்டர் வேகத்தைக் கூட்டியிருந்தார். சிறுநீர் அளக்கக் குழாய் போட்டு, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ் ஏற்றியதும், "நீங்க நல்லாத்தான் இங்கிலீஷ் பேசுறீங்க சார்" என்றார் சிஸ்டர். அது பாராட்டா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்றிரவு போனிடம் உத்தரவை மாற்றினேன்: எதையும் தானாகச் சொல்லாதே, டெஸ்ட்டின் பெயரை மட்டும் சொன்னால் விடை தராதே, எப்படிச் செய்கிறேன் என்று ஒவ்வொரு படியாகக் கேள், நடுவில் உன் மகளின் கல்யாணக் கதையையும் இழு. "சிறப்பான யோசனை!" என்று தொடங்கியது. கல்யாணக் கதையையும் புத்தக வரிசையில்தான் சொன்னது. ஆனால் படிப்படியாகக் கேட்கத் தொடங்கியதும் நான் திணறினேன். அந்த அளவில் லாபம். வாய்வழித் தேர்வுக்கு அது நல்ல துணைதான், கை பழக வார்டுதான்.

வார்டில் இப்போது எனக்கு வாத்தியார் அருப்புக்கோட்டைப் பெரியவர் ஒருவர். விதைப்பையில் நீர்வீக்கம், ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் இந்த நாட்களில் எத்தனையோ பேர் அவரைத் தொட்டுப் பார்த்துக் கேஸ் சொல்லியிருக்கிறார்கள். நேற்று நான் பரிசோதித்து முடித்து எழப் போனேன்.

"தம்பி, லைட் அடிச்சுப் பாக்கலையா?"

டார்ச் எடுத்து வரவில்லை. அசடு வழியப் போனை எடுத்து அதன் விளக்கைப் போட்டேன். வெளிச்சம் வீக்கத்தைத் தவிர வேட்டி, கட்டில், பக்கத்துக் கட்டில்காரர் எல்லோர் மேலும் விழுந்தது.

"இப்பிடி இல்ல. ஜன்னலச் சாத்திட்டு, இந்தப் பேப்பரச் சுருட்டி வச்சுக் கண்ணக் கொடுத்துப் பாருங்க" என்று தினத்தந்தியை நீட்டினார். "போன வாரம் வந்த பொம்பள டாக்டரு அப்பிடித்தான் பாத்தாங்க. அவுங்க பாஸாயிருவாங்க."