கொடுக்காமல் வாங்கும் திணை: கற்பனை வீரர் பேரம் குறித்து ஒரு திருவனந்தபுர ஆய்வு

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது நம் இலக்கணம். எனவே முதலில் நிலம். தம்பானூர் பேருந்து நிலையத்தை ஒட்டி லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ். செங்கல் நிற உருளைக்குள் தரை சரிவாகச் சுழன்று ஏறும். சுவரோரமாக மேசைகளும் கூடவே ஏறும். மேல் மேசையில் எழும் வாதம் உருண்டு கீழ் மேசைவரை வந்துவிடும் என்பதால், வீரர்களைக் கற்பனையில் பேரம் பேசும் இத்துறைக்கு இதைவிடத் தோதான ஆய்வுக்களம் இல்லை. பொழுது, ஐபிஎல் இறுதியாட்டம் முடிந்த இரவு. வீரர்களை அணிகள் தமக்குள் மாற்றிக்கொள்ளும் காலம், விதிப்படி, சீசன் முடிந்து ஏழு நாள் கழித்தே தொடங்கும். மேசையில் அந்த ஏழு நாள் யாரும் பொறுப்பதில்லை. கருப்பொருள்: பீட்ரூட் போட்ட மசால் தோசை, கட்டங்காப்பி, செல்போன், கணக்குப் போட ஒரு பில்லின் பின்பக்கம். உரிப்பொருள்: கொடுக்காமல் வாங்குதலும் வாங்குதல் நிமித்தமும்.

இத்துறையின் தாய்வீடு அமெரிக்கக் கூடைப்பந்து. என்பிஏ அணிகள் வீரரை வீரருக்கு மாற்றும்போது இரு பக்கச் சம்பளமும் பெரும்பாலும் ஏறக்குறைய ஒத்துவர வேண்டும். ரசிகர்கள் தங்கள் கற்பனைப் பேரங்களைச் சரிபார்க்க ஈஎஸ்பிஎன் ‘டிரேடு மெஷின்’ என்றொன்றையே இணையத்தில் வைத்திருக்கிறது. கணக்கு ஒத்துவராவிட்டால் அது முகத்துக்கு நேரே ‘ஆகாது’ என்றுவிடும். அப்படியொரு இடையூறு தம்பானூரில் இல்லை. துறை இங்கே செழித்ததற்கு அதுவே தலையாய காரணம் என்பது இவ்வாய்வாளரின் துணிபு. (திருவனந்தபுரத்தில் கூடைப்பந்தே இல்லையா என்று கேட்கக்கூடாது. கேரள மின்வாரியத்தின் பெண்கள் அணி பேர்பெற்றது. ஆனால் அது அரசு உத்தியோகம். அங்கே பண்டமாற்று கிடையாது, இடமாற்ற ஆணை மட்டுமே.)

விவாதிக்காமல் செய்த பேரம் என்னவாகும் என்பதற்கும் அமெரிக்காவே சான்று. 2025 பிப்ரவரித் தொடக்கத்தில், யாருக்கும் மூச்சுக் காட்டாமல், டல்லாஸ் அணி லூக்கா டான்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்து அந்தோணி டேவிஸை வாங்கியது. அதைச் செய்த மேலாளர் நிக்கோ ஹாரிசன் அவ்வாண்டு நவம்பர் 11 அன்று வேலையிழந்தார். அன்றுதான் நம்மூர்க் கிரிக்கெட் வீரர் சஞ்சு சாம்சனின் 31ஆவது பிறந்தநாள். இவ்விரண்டுக்கும் காரண காரியத் தொடர்பு உண்டு என்பது கரமனை மரபினர் கொள்கை. சாலை வட்டார மரபினர் இதை மறுக்கிறார்கள். மேலும் ஆய்வு தேவை.

சஞ்சுவுக்கு வருவோம். விழிஞ்ஞத்தை அடுத்த புல்லுவிளையில் பிறந்தவர்; 2021 முதல் ராஜஸ்தான் ராயல்ஸின் கேப்டனாக இருந்தவர். 2025 கோடையில் அவர் ராஜஸ்தானை விட்டு வரப்போகிறார், சென்னைக்குத்தான் வருவார் என்று பேச்சு கிளம்பியதும் இந்நகரத் தமிழர் அடைந்த மனக்கிளர்ச்சியை மானுடவியலாளர் எவரும் இன்னும் பதிவு செய்யவில்லை. மொழியால் சென்னையின் மஞ்சள் சட்டை, மண்ணால் சஞ்சு சேட்டன்; இரண்டும் ஒரே உடம்பில் சேரப்போகிறது. கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: பதிலுக்கு யாரைக் கொடுப்பது?

இங்கேதான் துறையின் மூலவிதி வெளிப்படுகிறது. நம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் எதிரணிக்குப் போனதும் மாணிக்கமாகிவிடுவான் என்று ஆய்வாளர் மனமார நம்புகிறார்.

“ரெண்டு பவுலரக் குடுத்துரலாம் மாமா. மேல கொஞ்சம் காசு.”

“எந்த ரெண்டு பேர்டா?”

“ஆடாத ரெண்டு பேரு.”

“ஆடாதவன அவன் எதுக்குடா வாங்குறான்?”

“நம்ம டீம்லதான மாமா ஆடல.”

ருதுராஜ், துபே, ஜடேஜா என்று செய்தித்தாள்களில் அடிபட்ட சென்னை வீரர்களின் பெயர்கள் மேசையில் தொடப்படவே இல்லை. ஜடேஜா பெயரை எடுத்தவரிடம் 2023 இறுதியாட்டத்தின் கடைசி இரண்டு பந்துகள் நினைவூட்டப்பட்டன: ஆறு, நான்கு, கோப்பை. துறைசார்ந்த நேர்மையான ஒரே முன்மொழிவு அந்த ஆகஸ்டில் ரவிச்சந்திரன் அஸ்வினிடமிருந்து வந்தது. தன் யூடியூப் நிகழ்ச்சிக்கு வந்த சஞ்சுவிடமே, நீங்கள் சென்னைக்குப் போங்கள், நான் கேரளத்தில் இருந்துகொள்கிறேன் என்று அவர் விளையாட்டாகச் சொன்னார். சில வாரங்களில் ஐபிஎல்லிலிருந்தே ஓய்வு பெற்றுவிட்டார்.

நவம்பர் 15 அன்று உண்மைப் பேரம் வெளியானது. சஞ்சு சென்னைக்கு, ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கு. சம்பளக் கணக்கைப் பாருங்கள். சஞ்சு 18 கோடி, மாற்றமில்லை. கரன் 2.4 கோடி, மாற்றமில்லை. ஜடேஜா மட்டும் 18 கோடியிலிருந்து 14 கோடிக்கு இறங்கினார். சென்னை 20.4 கோடியை அனுப்பி 18 கோடியை எடுத்தது, மிச்சம் 2.4. ராஜஸ்தான் 18ஐ அனுப்பி 16.4ஐ எடுத்தது, மிச்சம் 1.6. இரு தரப்புக்கும் லாபம் வரும் பேரம் உலகில் உண்டா என்ற பழைய புதிருக்கு விடை கிடைத்தது. இரண்டு மிச்சத்தையும் கூட்டினால் சரியாக 4 கோடி. அது ஜடேஜாவின் பையிலிருந்து வந்தது. ராஜஸ்தானோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறு அணியோடு பேரம் பேசினார் என்பதற்காக 2010இல் ஓராண்டு ஆடத் தடை வாங்கியவரும் இவரேதான். அதே ராஜஸ்தானுக்குப் பதினைந்தாண்டு கழித்துப் பேரத்திலேயே திரும்பினார். நாடகாசிரியன் இப்படி எழுதினால் செயற்கை என்போம்.

ஐபிஎல்லில் வீரரின் சம்மதமில்லாமல் மாற்றம் நடக்காது. என்பிஏவில் மிகச் சிலரைத் தவிர எவரிடமும் கேட்பதில்லை. தம்பானூர் இவ்விஷயத்தில் என்பிஏ வழி.

இத்துறை நேற்று முளைத்ததல்ல என்பதற்கும் சான்று உண்டு. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகளை மாற்றிய பேரத்தில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் சென்னை மாநிலத்துக்குப் போயின. அங்கிருந்து மலபாரும் காசர்கோடும் கேரளத்துக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் தமிழர் கேட்டும் கிடைக்காதவை. அந்தப் பேரத்தின் பின்னால் உயிரிழப்பும் சிறையும் இருக்கின்றன. அது வேறொரு நூலுக்கான செய்தி. நமக்கு வேண்டியது, எழுபது ஆண்டு நெருங்கியும் அந்தப் பேரம் மேசையில் முடியவில்லை என்பதே. நெல் விளையும் நாஞ்சில் நாட்டைக் கொடுத்தது தவறு என்று ஒருவர். பீர்மேட்டை விட்டது தவறு என்று இன்னொருவர். இருவரும் தத்தம் தரப்பு ஏமாந்தது என்பதில் ஒத்துப்போகிறார்கள்.

ஆகவே சஞ்சு மஞ்சள் சட்டைக்காரரானதும் ஆய்வு ஓய்ந்துவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் துறையை அறியாதவர்கள். மறுநாள் மாலையே புதிய சிக்கல் மேசைக்கு வந்தது: ஜடேஜாவைத் திரும்ப வாங்க யாரைக் கொடுக்கலாம்? கட்டங்காப்பி வருமுன் ஒருமித்த முடிவு எட்டப்பட்டது. யாரை வேண்டுமானாலும் கொடுக்கலாம், சஞ்சுவைத் தவிர.