மரத்துக்கு இருந்த வரலாறு

எண்களை நான் முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தது ரப்பர்க் காட்டின் ஓரத்தில் நட்டிருந்த ஒரு பலகையில்தான். பகாவ் டவுனிலிருந்து பஸ்ஸில் அரை மணி தள்ளி எங்கள் தோட்டம். ஒவ்வொரு காட்டின் தலைப்பிலும் அப்படி ஒரு பலகை இருக்கும். நட்ட வருடம், எத்தனை ஏக்கர், மரம் என்ன இனம் என்று வெள்ளை எழுத்தில் போட்டிருப்பார்கள். எங்கள் லயத்துக்குப் பின்னால் இருந்த காட்டின் பலகையில் ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்று இருந்தது. இருட்டோடு பிரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, காண்டா வாளியோடு அம்மா அந்தக் காட்டுக்குள் நுழைவார்.

அந்த 600-க்குத் தாய் யார், தகப்பன் யார் என்று கேட்டால் இன்றும் பதில் உண்டு. தாய், ஜாவாவிலிருந்து வந்த ஜிர் 1. தகப்பன், சிலாங்கூரின் பிராங் பெசார் தோட்டத்தில் உருவான பி.பி. 86. 1925-ல் அமைக்கப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் (ஆர்.ஆர்.ஐ.எம்.) 1937-ல் இவ்விரண்டையும் சேர்த்தது. ஒவ்வொரு மரமும் எவ்வளவு பால் தருகிறது, பட்டை எவ்வளவு தடிப்பு, காற்றுக்கு முறிகிறதா என்று வருடக்கணக்கில் அளந்து எழுதினார்கள். நெருப்பு மாதிரி வேலை செய்தார்கள் அந்த ஆராய்ச்சியாளர்கள். நான் அவர்களை மதிக்கிறேன். மலாயா மரம் உலகச் சந்தையில் நின்றதற்கு அந்தக் கணக்குப் புத்தகங்களும் காரணம்.

ஆனால் அந்த மரத்தில் பால் வெட்டிய என் பாட்டியின் பிறந்த நாள் எங்கும் இல்லை. சிவப்பு அடையாள அட்டையில் இருந்த வருடம், முகத்தைப் பார்த்து ஆபீஸ் கிராணி உத்தேசமாகச் சொன்னது. எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்பதைக்கூடப் பாட்டி சாகும்வரை இரண்டு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மரத்துக்கு இருந்த வரலாறு அவருக்கு இல்லை. பி.பி. 86 பிறந்த பிராங் பெசார் மண்ணில்தான் இன்று புத்ராஜெயா எழுந்து நிற்கிறது. அங்கே பால் வெட்டிய குடும்பங்களை டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்கு வீடுகளுக்கு மாற்றினார்கள்.

பாட்டியிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. புழுங்கல் அரிசிச் சோறு தவிர வேறு சோறு தொடமாட்டார். கடையில் பச்சரிசி மலிவாகக் கிடைத்தாலும் "அது உடம்புல நிக்காது" என்பார். ஊர்ப் பழக்கத்தை விட முடியாமல் சொல்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். எங்கள் நெகிரி செம்பிலானிலேயே அந்தப் பழக்கத்தை மையமாக வைத்து ஒரு பெரிய மருத்துவ ஆராய்ச்சி நடந்திருக்கிறது என்பதை நான் நடுவயதில்தான் படித்தேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. கால் வீங்கும், மரத்துப் போகும், கடைசியில் இதயம் நின்றுவிடும். சுரங்கங்களில் வேலை செய்த சீனர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். தமிழர்களுக்கு அது அரிதாகவே வந்தது. இந்த வித்தியாசத்தைக் கவனித்தவர் நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த வில்லியம் லெனார்ட் பிராடன். சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த தீட்டிய வெள்ளை அரிசி, தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. நோய்க்குக் காரணம் அரிசியில்தான் என்று அவர் 1907-ல் புத்தகமே எழுதினார். வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்று அவர் எண்ணியது சரியில்லை. ஆனால் கை காட்டிய இடம் சரி.

அந்தப் புத்தகம் வருமுன்பே அவர் கருத்தைச் சோதித்தவர் வில்லியம் பிளெட்ச்சர் என்ற மருத்துவர். 1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இருந்தவர்களை வரிசையாக நிறுத்தி எண் சொல்ல வைத்தார்கள். ஒற்றைப்படை எண் ஒரு பக்கம், இரட்டைப்படை எண் மறுபக்கம். ஒரு பக்கத்துக்குச் சயாம் வெள்ளை அரிசி, மறுபக்கத்துக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. கட்டடத்தில்தான் கோளாறு என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று நடுவில் இரு பிரிவினரையும் கட்டடம் மாற்றி வைத்தார். ஒரு வருடம் முடிந்தபோது வெள்ளை அரிசிப் பக்கம் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தார்கள். புழுங்கல் அரிசிப் பக்கம் அந்த நோயால் ஒருவரும் சாகவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பிரித்த அந்த எளிய கணக்குக்கு மருத்துவ வரலாற்றில் இன்றும் இடம் இருக்கிறது. அந்த 18 பேரை நினைக்காமல் என்னால் அந்தப் பக்கத்தைப் புரட்ட முடிவதில்லை. தங்கள் தட்டில் என்ன விழுகிறது என்று தேர்ந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு இருந்ததா?

அடுத்த சோதனை இன்னும் எங்களுக்கு அருகில் நடந்தது. பகாவ் இருக்கும் ஜெம்போல் மாவட்டத்தை ஒட்டிய ஜெலுபு மாவட்டத்தில், டுரியான் தீப்புஸ் காட்டுக்குள் சாலை போட வந்திருந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களை ஹென்றி பிரேசர், ஸ்டான்டன் என்ற மருத்துவர்கள் இரு பிரிவாக்கி இரு வகை அரிசி கொடுத்தார்கள். வெள்ளை அரிசிக் கூட்டத்தில் நோய் தலைகாட்டியது. அரிசியை மாற்றியதும் நின்றது. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பதும், அது பி1 என்ற வைட்டமின் என்பதும் பிறகு தெளிந்தவை. உலகம் வைட்டமினைக் கண்டுகொண்ட பாதையில் எங்கள் பாட்டிமார் நெல் அவித்த பானைக்கும் ஒரு பங்கு உண்டு. இதை நான் பெருமையோடு சொல்கிறேன்.

அம்மா காலத்துக்கு வருகிறேன். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். பெண்களுக்குப் புதிதாக ஒரு வேலை வந்தது. பூவுக்குப் பவுடர் அடிப்பது. ஆண் பூவின் மகரந்தத்தை டால்க் பவுடரோடு கலந்து, ஒவ்வொரு பனையாகப் போய்ப் பெண் பூவில் ஊத வேண்டும். முள் கிழிக்கும், ஆனால் பாரம் இல்லாத வேலை. அம்மாவுக்கு அது பிடித்திருந்தது. ஆப்பிரிக்காவின் கேமரூன் காட்டில் ஒரு சிறு வண்டுதான் இந்த வேலையைச் செய்கிறது என்று ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் அறிஞர் நிறுவினார். 1981-ல் ஜொகூர் குளுவாங்கில் அந்த வண்டை விட்டார்கள். சில வருடங்களில் அது நாடெங்கும் பரவியது. காய் பெருகியது. பவுடர் அடிக்கும் வேலை ஒழிந்தது. அம்மாவை மருந்தடிக்கும் கூட்டத்தில் போட்டார்கள்.

புல்லுக்கு அடித்த மருந்துகளில் ஒன்று பாரகுவாட். உள்ளே போனால் முறிமருந்து கிடையாது. மருந்துத் தோம்பு முதுகில் ஒழுகும், காற்று திரும்பினால் முகத்தில் அடிக்கும். கையுறை கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. அம்மாவின் விரல் நகங்கள் கறுத்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றன. மூக்கில் ரத்தம் வரும். டிரசர் களிம்பு கொடுத்து மறுநாள் வேலைக்கு அனுப்பினார். மரத்தின் பட்டையை மில்லிமீட்டரில் அளந்த காலத்தில் அம்மாவின் நகத்தைப் பார்க்க ஒருவரும் எங்கள் லயத்துக்கு வரவில்லை.

வேறு தோட்டங்களுக்கு வந்தார்கள். கெடாவில் ஒரு தோட்டக் குடும்பத்தில் பிறந்த ஐரின் பெர்னாண்டசின் தெனாகானித்தா அமைப்பு, மருந்தடிக்கும் பெண்களை நேரில் கண்டு பேசி, அவர்கள் உடம்பில் தெரிந்ததை 2002-ல் ஆய்வாக வெளியிட்டது. அதே வருடம் அரசு பாரகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006-ல் தடையைத் தளர்த்தியது. கடைசியாக, 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை. இடையில் போன பதினெட்டு வருடங்களில் எத்தனை பெண்கள் அந்தத் தோம்பைச் சுமந்திருப்பார்கள்! 2014-ல் மறைந்த ஐரின் அந்த நாளைப் பார்க்கவில்லை.

இப்போது பகாவுக்குப் போனால் எங்கள் லயம் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. காய் வெட்டுகிறவர்கள் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். தோட்டங்களில் மருந்து அடிக்க டிரோன் பறக்கத் தொடங்கிவிட்டது. முதுகுகள் தப்பின, அதில் எனக்கு முழு மகிழ்ச்சி. தோட்டத்துப் பிள்ளைகள் டவுன் தாமான்களில் இருக்கிறார்கள், வெள்ளை அரிசி சாப்பிடுகிறார்கள். 2019-ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வு, நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்றது. இந்தியர்களிடையே அது 30 விழுக்காட்டையும் தாண்டியிருந்தது. காரணம் அரிசி மட்டுமல்ல. ஆனாலும் பாட்டியின் புழுங்கல் அரிசி இன்று பகாவ் கடைகளில் ஆரோக்கிய உணவு என்று தனித் தட்டில் இருப்பதைப் பார்க்கையில் நெஞ்சு கனக்கிறது.

என் தங்கை மகள் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். விவசாயம், மருத்துவம், கணிதம், விண்வெளிப் பொறியியல் நான்கும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அங்கே நம் பிள்ளைகள் நுழைந்திருப்பது நாங்கள் கனவிலும் காணாத மாற்றம். அவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுதல்தான். டிரோனின் பாதையைக் கணக்கிடுங்கள், பனையின் மரபணுவைப் படியுங்கள். அதோடு, முன்பு மருந்தடித்த பெண்களையும் ஆய்வுக்கு எடுங்கள். எந்தத் தோட்டம், எந்த மருந்து, எத்தனை வருடம், இன்று நுரையீரலும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் சம்மதித்தால் பெயரோடு எழுதுங்கள். அவர்களில் பலர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அடுத்த பருவம் வரை காத்திருக்காதீர்கள், இந்த விடுமுறையிலேயே போய்க் கேளுங்கள்.