பேச்சுக்கால்

அக்கரை இந்திய எம்.பி.மாரும் எங்கடை இலங்கை எம்.பி.மாரும் சந்தித்தால் அவர்கள் வர்த்தகம் கதைப்பார்கள், இவர்கள் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் கதைப்பார்கள். திருத்தம் பிறந்தது 1987இல். அதை முழுதாய் அமுல்படுத்தும் கதைக்கும் ஏறத்தாழ அதே வயதுதான். இரு நாட்டுச் சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் 1998இல் கையெழுத்தானது. அதன் தம்பி எட்காவுக்கு (பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு ஒப்பந்தம்) இன்னும் பேச்சுக்கால்தான், நாள் வைத்தபாடில்லை.

மீன் என்ற சொல் வந்ததும் தேத்தண்ணி வந்துவிடும். சுமந்திரன் எம்.பி.யாய் இருந்தபோது கொண்டுவந்த தனிநபர் பிரேரணையால் 2017இல் இழுவைமடி இங்கே சட்டவிரோதமானது. அதை நடுக்கடலில் தமிழ்நாட்டு றோலருக்கு யார் வாசித்துக் காட்டுவது? பிடிபட்ட றோலர்கள் மயிலிட்டித் துறைமுகத்தில் ஒன்றோடொன்று உரசி உக்கிக் கிடக்கின்றன. எங்கடை பெடியள் தங்கள் படகைக் கட்ட இடம் தேடுகிறார்கள். தீர்வையில்லாமல் தாராளமாய் நடக்கும் இறக்குமதி இந்த றோலர் ஒன்றுதான்!

உள்நாட்டு அரசியலில் தலையிடுவதில்லை என்று இரு பக்கமும் சொல்லிக்கொள்ளும். ஆனால் அங்கே தேர்தல் வந்தால் கச்சதீவு கொஞ்சம் மேலெழுந்து மிதக்கும். 2024 பங்குனியில் டெல்லிவரை தெரிந்தது. வாக்கு எண்ணி முடிய, 1974 ஒப்பந்தம் விட்ட இடத்துக்கே திரும்பிவிட்டது. தீவிலே கோயில் கொண்ட அந்தோனியார் மட்டும் அசையவில்லை.