ஃபேனுக்கு ஆள் வைத்த வீடு

ஃபேர்னஸில் நெருப்பு பற்றினால் மட்டும் வீடு சூடாகிவிடாது. அந்தச் சூட்டை குழாய்வழியே அறைகளுக்குள் தள்ளிவிட ஒரு ஃபேன் வேண்டும். எங்கள் ஸ்காபரோ வீட்டில், சனவரி மாதம், வெளியில் மைனஸ் 20இல், நெருப்பு ஒழுங்காக வேலைக்கு வந்தது. ஃபேன் வரவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஃபேன் நின்றால் புழுங்கும், இங்கே ஃபேன் நின்றால் விறைக்கும் என்பதை மாமிக்கு விளங்கப்படுத்துவது பெரும்பாடாகிவிட்டது. “இந்தக் குளிருக்க ஃபேன் என்னத்துக்கு?” என்று கேட்டுவிட்டு, இன்னொரு ஸ்வெற்றரைப் போட்டுக்கொண்டார்.

தேர்மோஸ்ரற்றில் ஃபேனுக்கென்று ஒரு சின்னச் சுவிற்ச் உண்டு: ஓன், ஓட்டோ. ஓனில் போட்டால் ஃபேன் சுற்றியது. ஆகவே மோட்டரில் பிழையில்லை. ஓட்டோவில் விட்டால் அசையாது. நெருப்பு மட்டும் தனியே எரியும். பெட்டிக்குள் சூடு 200 பாகை ஃபாரன்ஹீற் வந்ததும் பாதுகாப்புச் சுவிற்ச் காஸை நிறுத்தும். ஆறியதும் திரும்பப் பற்றும். காஸ் பில் ஏறியது, வீடு ஏறவில்லை.

“அப்ப ஓனிலயே விடுங்கோவன்” என்றார் பக்கத்து வீட்டு அண்ணை. விட்டோம். நெருப்பு அணைந்த பிறகும் ஃபேன் ஓயாமல் ஆறிய காற்றை ஊதித் தள்ளியது. மாமி போர்வையோடு குசினிக்குக் குடிபெயர்ந்தார்.

பிறகுதான் அந்த ஏற்பாடு உருவானது. பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருந்த தம்பியின் கட்டிலுக்கு அடுத்த சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஃபேர்னஸ். காஸ் ‘புஃப்’ என்று பற்றியதும் தும்புத்தடியால் முகட்டில் ஒரு தட்டுத் தட்டுவார். மேலே மாமி எழும்பி, கொஞ்சம் பொறுத்து, சுவிற்ச்சை ஓனில் தள்ளுவார். நெருப்பு அணைந்ததும் இரண்டு தட்டு. மாமி ஓட்டோவுக்குத் திருப்புவார். இருவரும் அதுவரை முகம் பார்த்துப் பேசியதே குறைவு. தம்பிக்கு நைற் ஷிஃப்ற் வந்த கிழமைதான் எங்கள் பாடு திண்டாட்டம்.

இதற்கிடையில் வந்த விருந்தாளிகளெல்லாம் வைத்தியரானார்கள். கப்பாசிற்றர் போயிருக்கும் என்றார் ஒருவர். கப்பாசிற்றர் போனால் ஓனிலும் மோட்டர் வெறுமனே உறுமிக்கொண்டுதான் நிற்கும் என்று நான் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. “ஃபில்ரர் மாத்தினனீங்களோ?” என்று கேட்காமல் மட்டும் ஒருவரும் தேநீர் குடிக்கவில்லை.

ஒன்ராறியோவில் காஸ் ஃபேர்னஸில் கைவைக்க லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸோடு வந்தது ஒரு தமிழ்ப் பொடியன். ஃபேர்னஸில் ஃபேனை ஓட்டும் சுவிற்ச்சின் மூடியைக் கழற்றிக் காட்டினான். நடுவே ஒரு வட்டத் தட்டு, அதில் மூன்று முள்: ஃபேன் நிற்க ஒன்று, ஓட ஒன்று, காஸை நிறுத்த ஒன்று. தட்டின் பின்னால் ஒரு உலோகச் சுருள், சூட்டுக்குள் நீட்டிக்கொண்டு. இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டி அது. சூட்டில் ஒன்று கூட நீளும், மற்றது குறைய நீளும், சுருள் முறுகும், தட்டுத் திரும்பும், ஃபேன் ஓடும். இந்த வீட்டில் நன்றாக முறுகத் தெரிந்தவர்கள் பலர் இருக்க, முறுக வேண்டிய ஒன்றே ஒன்று இறுகிப்போய்க் கிடந்தது.

தட்டில் எல்லா அளவும் ஃபாரன்ஹீற். கனடா வானிலை அறிக்கையை 1975இலேயே செல்சியசுக்கு மாற்றிவிட்டது. எங்கள் ஃபேர்னஸுக்குத் தகவல் போகவில்லை.

பொடியன் ஒரு வெப்பமானியைச் செருகி, நெருப்பை எழுப்பிவிட்டுப் பார்த்தான். வெப்பமானி ஃபேன் முள்ளின் அளவைத் தாண்டி ஏறியது. தட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

“கையால ஒருக்காத் திருப்பி விட்டா என்ன?” என்று அண்ணை விரலை நீட்டினார்.

“தொடாதேங்கோ அங்கிள்! சுருள் வளைஞ்சா அளவெல்லாம் பிழைச்சிடும்.”

அண்ணை விரலைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

புதுச் சுவிற்ச் பூட்டியாயிற்று. நெருப்புப் பற்றி, சற்றுப் பொறுத்து, ஃபேன் தன்பாட்டில் ஓடத் தொடங்கியது. மேலேயிருந்து மாமியின் குரல்: “ஆர் போட்டது? நான் இன்னும் போடேல்லை!”

பொருளின் விலையைவிட வந்துபோன கூலி கூடுதலாக இருந்தது; அது இந்த ஊர் வழக்கம். ஆனால் மாத முடிவில் தம்பி தந்த வாடகையில் ஐம்பது டொலர் குறைந்திருந்தது. கேட்டேன்.

“தட்டினதுக்கு, அண்ணை” என்றார். “மாமிக்கும் ஏதாவது பாத்துக் குடுங்கோ.”