அலிப்பூர் கோட்பாடு: லினக்ஸ் மடிக்கணினியில் கிராஃபிக்ஸ் ட்ரைவர் அமையாமைக்கு 1780ஆம் ஆண்டுச் சான்றுகள்

லினக்ஸ் மடிக்கணினியில் என்விடியா கிராஃபிக்ஸ் ட்ரைவரும் அதன்மேல் ஏறி அமர வேண்டிய குடா கருவித்தொகுப்பும் ஒருசேர அமையாமல் போவது ஏன் என்பதில் அறிஞரிடையே இதுவரை இரண்டு கொள்கைகளே வழங்கி வருகின்றன. ஒன்று, ‘அணைத்துப் போட்டால் சரியாகும்’ என்னும் மறுதொடக்க மரபு. மற்றது, ‘எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து வா’ என்னும் துறவு மரபு. இரண்டும் பயன் தருபவை. இரண்டும் காரணம் சொல்லாதவை. இக்கட்டுரை மூன்றாவதாக ஒன்றை நிறுவப் புகுகிறது. கோளாறு என்று நாம் அழைப்பது பெரும்பாலும் பழுது அன்று. உண்மையே பேசும் இரு கடிகாரங்கள், யார் கணக்குப்படி நடப்பது என்று முன்கூட்டிப் பேசிவைத்துக்கொள்ளாததன் விளைவு. ஆகவே எதையும் நிறுவுமுன் இரண்டு கடிகாரத்தையும் பார்ப்பதே முதற்கடன். இதற்கான மூலச்சான்று எந்த மென்பொருள் கையேட்டிலும் இல்லை. கொல்கத்தாவின் அலிப்பூரில் 1780 ஆகஸ்ட் 17 விடியற்காலையில் நடந்த துவந்த யுத்தத்தில் இருக்கிறது.

நிகழ்ச்சி சுருக்கமாக இது. கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸும் ஆட்சிமன்ற உறுப்பினர் பிலிப் பிரான்சிஸும் 1774 முதல் ஒரே மேசையில் அமர்ந்து ஒருவர் காரியத்தை ஒருவர் வெட்டிக்கொண்டிருந்தனர். கடைசியில் பிரான்சிஸிடம் நாணயமே இல்லை என்று ஹேஸ்டிங்ஸ் கோப்பிலேயே எழுதிவைக்க, பிரான்சிஸ் கைத்துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்தார். ஹேஸ்டிங்ஸுக்குக் கர்னல் பியர்ஸும் பிரான்சிஸுக்குக் கர்னல் வாட்சனும் துணை நின்றனர். அதன் நினைவாக அப்பகுதியில் இன்றும் டூயல் அவென்யூ என்றொரு சாலை உண்டு. வட்டார வானிலை மையத்தின் முகவரியே அதுதான். நாளை மழை உண்டா என்று கணக்கிடும் அலுவலகம் இந்தச் சாலையில் வந்து அமர்ந்ததைத் தற்செயல் என்று தள்ளுவோர் தள்ளுக. நமக்கு வேண்டியது பியர்ஸ் எழுதிவைத்த குறிப்பு. நால்வரும் கூடியதும், மணி ஐந்தரை என்றார் பியர்ஸ். ஆறாகப் போகிறது என்றார் பிரான்சிஸ், தம் கடிகாரத்தைப் பார்த்து. தம் கடிகாரம் வானியல் கடிகாரத்தைப் பார்த்துச் சூரிய நேரத்துக்கு வைக்கப்பட்டது என்பது பியர்ஸின் விடை. உயிர் போகும் காரியத்துக்கு வந்த இடத்தில், முதலில் பேசப்பட்டது பதிப்பு எண்.

இதை மடிக்கணினியோடு பொருத்துவோம். ‘என்விடியா-எஸ்எம்ஐ’ கட்டளையை இட்டால் வலப்புற மேல்மூலையில் ஒரு குடா எண் தெரியும். கருவித்தொகுப்பின் நிரல்மாற்றியான ‘என்விசிசி’யிடம் பதிப்பைக் கேட்டால் அது வேறோர் எண்ணைச் சொல்லும். உபுண்டு 22.04இன் சொந்தக் களஞ்சியத்திலிருந்து கருவித்தொகுப்பை எடுத்தவருக்கு இது 11.5, மேல்மூலையிலோ 12க்கு மேல் ஏதோ ஒன்று. இதைக் கண்டதும் இயந்திரம் பொய் சொல்கிறது என்று முடிவு கட்டி, ஓடிக்கொண்டிருந்த ட்ரைவரையும் பிடுங்கி எறிபவர் பலர். உண்மையில் முதலாவது எண், ட்ரைவர் அதிகபட்சம் எதுவரை தாங்கும் என்பது. இரண்டாவது, கையில் இருக்கும் கருவித்தொகுப்பு எது என்பது. தாங்கும் எண் கையிருப்பு எண்ணுக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் எண்கள் வேறுபடுவதில் குற்றமில்லை. குறைந்தால்தான் வில்லங்கம்: 12.0ஐ ஓட்ட லினக்ஸில் ட்ரைவர் 525.60.13ஆவது இருக்க வேண்டும். இதில் கொல்கத்தா நகரமே நமக்குச் சாட்சி. 1906இல் இந்திய நேரம் வந்த பின்னும் அந்நகரம் சுமார் 24 நிமிடம் முந்திய தன் சொந்த நேரத்தை 1948 வரை விடவில்லை. அதற்காக எவரும் கடிகாரத்தை உடைத்ததாகத் தெரியவில்லை. எந்த நேரம் என்று கேட்டுவிட்டு ரயிலுக்குப் போனார்கள்.

அடுத்த சான்று தூரம் பற்றியது. இருவருமே துப்பாக்கி பிடிப்பதில் புதியவர்கள். எவ்வளவு தள்ளி நிற்பது என்ற கேள்வி வந்தபோது, லண்டனில் நடந்த துவந்த யுத்தத்தில் ஃபாக்ஸும் ஆடமும் பதினான்கு கஜம் எடுத்தார்கள், அதையே எடுப்போம் என்றார் வாட்சன். கைத்துப்பாக்கிக்கு அது அதிகம் என்று ஹேஸ்டிங்ஸ் முணுமுணுத்தும் அளந்துவிட்டார்கள். வேறு ஊரில், வேறு ஆளுக்குப் பலித்த அளவை அப்படியே பெயர்த்து ஒட்டும் வழக்கம் இத்துறையில் இத்தனை பழமையானது. அதன் ஆபத்துக்குப் பிற்காலச் சான்றும் உண்டு. இன்டெல், என்விடியா என இரு கிராஃபிக்ஸ் கொண்ட மடிக்கணினிகளுக்காக எழுதப்பட்ட பம்பிள்பீ என்னும் மென்பொருளின் நிறுவல் நிரலில், 2011இல் அழிக்கும் கட்டளையின் பாதையில் ஓர் இடைவெளி கூடுதலாக விழுந்துவிட்டது. உள்ளே ஆழத்தில் கிடந்த ஒரு சிறு கோப்புறையை நீக்க வேண்டிய வரி, ‘யூஎஸ்ஆர்’ கோப்புறை முழுவதையும் நீக்கியது.

மூன்றாவது சான்று மருந்து. பிரான்சிஸ் விசையை இழுத்தார். வெடிமருந்து ஈரமாக இருந்ததால் துப்பாக்கி வெடிக்கவில்லை. மாற்று மருந்தும் அவர் தரப்பில் இல்லை. ஹேஸ்டிங்ஸ் துப்பாக்கியைத் தாழ்த்திக் காத்திருக்க, எதிர்த்தரப்புத் துணைவரான பியர்ஸே தம்மிடமிருந்த தோட்டாவைக் கொடுத்து உதவினார். லினக்ஸில் கெர்னல் புதுப்பிக்கப்படும்போது ட்ரைவர் தொகுதியை டிகேஎம்எஸ் என்னும் கருவி மறுபடி கட்டித்தர வேண்டும். அதற்கு அந்தக் கெர்னலுக்கே உரிய ஹெடர் கோப்புகள் தேவை. அவை இல்லையென்றால் தொகுதி கட்டப்படாது. மறுநாள் காலை ‘என்விடியா-எஸ்எம்ஐ’ ட்ரைவரோடு பேச முடியவில்லை என்று கைவிரிக்கும். துப்பாக்கியில் குறையில்லை, மருந்துதான் இல்லை. அம்மருந்தைக் களத்திலேயே பெறுக என்பது பியர்ஸ் காட்டிய நெறி. அதாவது, ஹெடர்களையும் ட்ரைவரையும் உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே எடுக்க வேண்டும். அதன் மேலேயே என்விடியா தரும் ‘ரன்’ நிறுவல் கோப்பையும் இறக்கி ஏற்றினால் இரண்டும் ஒன்றின் கோப்பை ஒன்று மிதிக்கும். செக்யூர் பூட் இயங்கும் கணினியில் மருந்து காய்ந்திருந்தாலும் கையொப்பம் வேண்டும். மறுதொடக்கத்தில் வரும் நீலத்திரையில் சாவியைப் பதியாமல் கடந்தவருக்கு அனுமதி இல்லை.

இனிப் பரபக்கம். மறுதொடக்கத்தாலேயே பல நேரம் தீர்கிறதே, கடிகார ஆராய்ச்சி எதற்கு எனின், அந்தத் தீர்வே எம் கொள்கைக்குச் சான்று. ட்ரைவரும் நூலகமும் பதிப்பில் பொருந்தவில்லை என்ற பிழை வருவது, வட்டில் புதியது வந்துவிட்டபோதும் நினைவகத்தில் பழைய தொகுதியே ஓடிக்கொண்டிருப்பதால். மறுதொடக்கம் இரண்டையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவருகிறது, அவ்வளவே. பைடார்ச் போன்றவை தமக்கு வேண்டிய குடா இயக்க நூலகங்களைத் தாமே சுமந்து வருகின்றன, இனி இச்சிக்கல் ஏது எனின், கருவித்தொகுப்பைத் தனியே நிறுவும் தொல்லை குறைந்தது மெய். ஆனால் ட்ரைவர் எப்போதும் அந்தக் கணினியினுடையது. கடிகாரத்தைச் சட்டைப்பையில் எடுத்துவரலாம். சூரியனை எடுத்துவர முடியாது. எல்லாப் பழியும் மூலநிரலை மூடிவைத்த நிறுவனத்துக்கே எனின், அதற்குப் பெரியோர் வாக்கு உண்டு. 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக மேடையில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்விடியாவை நோக்கி நடுவிரலையே உயர்த்தினார். ஆயினும் 2022 மே மாதம் அந்நிறுவனம் கெர்னல் தொகுதிகளின் மூலநிரலைத் திறந்துவிட்ட பின்னும் எண் பொருந்தாமை ஒழியவில்லை. திறந்த கடிகாரமும் மணி தப்பும்.

எஞ்சிய தடை ஒன்றே: அலிப்பூரில் மணி கேட்டும் ஒருவர் சுடப்பட்டாரே? ஆம். இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சுட, பிரான்சிஸ் வலப்புறத்தில் குண்டு பட்டு விழுந்தார். மணி கேட்டது எந்த நேரம் என்ற கேள்வியைத்தான் தீர்த்தது. ஒரே நாற்காலிக்கு இருவர் என்ற கேள்வி அப்படியே நின்றது. கணினியிலும் கட்டற்ற நூவோ ட்ரைவர் 2010 முதல் லினக்ஸ் கெர்னலோடேயே வருகிறது. அதைத் தடைப்பட்டியலில் சேர்த்து, தொடக்க வட்டுப்படிமத்தையும் புதுப்பித்தாலொழிய, அது முந்திப்போய் அட்டையில் அமர்ந்துகொள்ளும். அமர்ந்தவரை எழுப்புவதிலும் முறை உண்டு. குணமான பிரான்சிஸ் அவ்வாண்டு டிசம்பரில் கப்பலேறினார்; கொல்கத்தா அவரை நீக்கிவிட்டதாகவே எண்ணியது. அவரோ லண்டனில் எட்மண்ட் பர்க்குக்குத் தகவல் ஊட்டினார். ஹேஸ்டிங்ஸ் மீதான நாடாளுமன்ற விசாரணை 1788இல் தொடங்கி, அவர் விடுதலையான 1795 வரை இழுத்தது. ‘அப்ட் ரிமூவ்’ போட்டால் நிரல் போகும், அமைப்புக் கோப்புகள் தங்கிவிடும். ‘அப்ட் பர்ஜ்’ அவற்றையும் துடைக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஹேஸ்டிங்ஸுக்கு ஏழு ஆண்டு வழக்கு. மடிக்கணினிக்காரருக்கு ஓர் இரவோடு போகும்.