காற்றில் போட்ட காசு

வருஷா வருஷம் ஜூலை 23 வந்தால் தேசிய ஒலிபரப்பு தினம் என்று வாழ்த்துகள் பறக்கும். 1927-இல் அந்தத் தேதியில்தான் பம்பாயில் இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி தன் நிலையத்தைத் திறந்தது. திறந்தது உண்மை. மூன்று வருஷம் முடிவதற்குள் இழுத்து மூடியதும் உண்மை. நொடித்துப்போன கம்பெனிக்குப் பிறந்தநாள் கொண்டாடும் பெருந்தன்மை நம் தேசத்துக்கு உண்டு. அதற்கு முன்பே கைக்காசைப் போட்டு ஒலிபரப்பிய கிறுக்கர்களைத்தான் யாரும் நினைப்பதில்லை.

பம்பாய் ரேடியோ கிளப் 1923 ஜூனில் பேச ஆரம்பித்தது, கல்கத்தா நவம்பரில். சென்னை அவசரப்படவில்லை. எல்லாரும் காபி குடித்து முடித்தபின், 1924 மே 16 அன்று மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் உதயமாயிற்று. மூலகாரணம் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி. சீமைக்குப் போனவர்கள் பாரிஸ்டர் பட்டத்தோடு திரும்பிய காலத்தில், இவர் டிரான்ஸ்மிட்டர் பாகங்களோடு திரும்பினார். ஜூலை 31 அன்று எழும்பூர் ஹாலோவேஸ் கார்டனிலிருந்து ஒலிபரப்பு தொடங்கியது. டிரான்ஸ்மிட்டரின் சக்தி 40 வாட். அதாவது, நம் பாட்டி வீட்டுத் திண்ணையில் எரிந்த குண்டு பல்பின் சக்தியை நம்பி ஒரு ராஜதானிக்கே பாட்டுப் போடக் கிளம்பினார்கள்.

கேட்பவர்கள் பாடு தனி. அன்றைய கிரிஸ்டல் செட்டுக்கு மின்சாரம் வேண்டாம், பொறுமை வேண்டும். மொட்டை மாடியிலிருந்து கம்பி இழுத்து ஏரியல் கட்டி, ஒரு துண்டுக் கல்லின்மேல் மெல்லிய கம்பி முனையை நகர்த்தி நகர்த்தி, சத்தம் வரும் புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். யாராவது தும்மினால் புள்ளி போச்சு. வீட்டுக்கு ஒரே ஹெட்போன். குடும்பமே கேட்க வேண்டுமென்றால் அதைக் கழற்றி ஒரு கிண்ணத்துக்குள் வைப்பார்கள். கிண்ணம் கொஞ்சம் பெரிதாக முனகும். அந்த முனகலைச் சுற்றி எல்லாரும் தலையை நீட்டுவார்கள். தாத்தா மட்டும் நகர மாட்டார்.

பின்னால் 200 வாட் டிரான்ஸ்மிட்டர் வந்தது. மாலையில் இரண்டரை மணி நேரம் சங்கீதமும் பேச்சும். ஊரே மெச்சியது. மெச்சியதோடு சரி. சபாக் கச்சேரிக்கு வாசலில் ஆளைப் போட்டு டிக்கெட் கிழிக்கலாம். காற்றுக்கு வாசல் எங்கே இருக்கிறது? ஆர்வம் இருந்த அளவுக்குப் பணம் இல்லாமல் 1927 அக்டோபரில் கிளப் படுத்துவிட்டது.

படுத்த விதத்தில்தான் அதன் தர்ம குணம் தெரிகிறது. சாமான்களை மூர் மார்க்கெட்டில் போட்டுக் காசு பார்க்கவில்லை. டிரான்ஸ்மிட்டரைச் சென்னை மாநகராட்சிக்குத் தானமாகக் கொடுத்தது. மாநகராட்சி யோசித்தது. இரண்டரை வருஷம் யோசித்து 1930 ஏப்ரல் 1 அன்று ரிப்பன் மாளிகையிலிருந்து ஒலிபரப்பைத் தொடங்கியது. தேதியைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். நிதியாண்டின் முதல் நாள். அதே நாளில்தான், பத்து ரூபாய் லைசென்ஸ் கட்டணத்தில் எட்டு ரூபாய் பங்கு கிடைத்தும் தாக்குப்பிடிக்க முடியாமல் போன அந்த இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனியின் பம்பாய், கல்கத்தா நிலையங்களை இந்திய அரசு ஏற்று நடத்த ஆரம்பித்தது.

குப்பை, சாக்கடை, கொசு என்ற மூன்று ராகங்களுக்கே பேர்போன ஒரு ஸ்தாபனம் இனி சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஏழரை வரை சங்கீதம் வழங்கும்! பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம், ஞாயிறு காலையில் கிராமபோன் இசைத்தட்டு, மாதம் ஒருநாள் துரைமார்களுக்கு மேல்நாட்டு இசை. செட் வாங்க வக்கில்லாதவர்களுக்காக மெரினாவிலும் ஹைகோர்ட் பீச்சிலும் பீப்பிள்ஸ் பார்க்கிலும் ராபின்சன் பூங்காவிலும் ஒலிபெருக்கி கட்டினார்கள். சபாவுக்குள் கால் வைத்திராதவர்கள் சுண்டல் தின்றுகொண்டே ஆலாபனை கேட்டார்கள். 1949-இல் கொட்டும் மழையில் தி.மு.க. தொடங்கப்பட்டதும் இதே ராபின்சன் பூங்காவில்தான். ஒலிபெருக்கிக்கு ராசியான மண்.

1938 ஜூன் 16 அன்று எழும்பூர் மார்ஷல்ஸ் சாலையில் ஆல் இந்தியா ரேடியோ வந்து இறங்கியது. கவர்னர் எர்ஸ்கின் பிரபு, முதல்வர் ராஜாஜி, மங்கல நாகஸ்வரம், சகல மரியாதையும் உண்டு. மாநகராட்சி மைக்கை அணைத்துவிட்டு மறுபடி சாக்கடையைப் பார்க்கப் போயிற்று. சிற்றலைக்குப் பெரிய டிரான்ஸ்மிட்டர் வைத்தவர்கள், உள்ளூர்க்காரன் கேட்கும் மத்திய அலைக்கு வைத்ததோ 250 வாட். செட்டியாரின் கிளப் பிச்சைப் பாத்திரத்தோடு நின்றபோது வைத்திருந்தது 200. சர்க்கார் முழுப் பலத்தோடு வந்து, கிளப் தொடங்கிப் பதினான்கு வருஷம் கழித்துக் கூட்டியது ஐம்பது வாட்.

கணக்கைக் கூட்டிப் பாருங்கள். காற்றை விற்கப் போன கம்பெனி மூன்று வருஷம்கூடத் தாங்கவில்லை; அதை ஓசியில் ஊதிய மாநகராட்சி எட்டு வருஷம் ஓட்டியது. 2006-இல் இலவசக் கலர் டிவி என்றதும் தமிழ்நாடே குட்டிச்சுவராகப் போயிற்று என்று தலையில் அடித்துக்கொண்டவர்களுக்கு ஒரு தகவல்: அதற்கு எழுபத்தாறு வருஷம் முன்பே இந்த ஊர் கடற்கரையில் கர்நாடக சங்கீதத்தை இலவசமாக வாங்கிக்கொண்டது. அப்போது அதற்குப் பெயர் பண்பாடு.