பின்புறப் பால்மரம் தானாய் வடிவது குறித்த ஆய்வு

ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் மலாக்காவின் அசகான் பக்கத்தில் சில வீடுகளின் பின்புறம் ஒற்றைப் பால்மரம் தப்பி நிற்பதுண்டு. அப்படியொன்று இவ்வாய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. பால் பிடிக்கும் மங்கு கிடையாது, உளி பட்டுப் பல்லாண்டு ஆயிற்று. ஆனாலும் விடிந்தால் பட்டையில் வெள்ளைக் கோடு.

கருதுகோள்களில் மூத்தது பாட்டிமார் மரபினது: கண்ணேறு. இதை மறுக்க முடியாது. மறுத்தவருக்குச் சோறு தாமதமாகும். அடுத்தது, கனடாவுக்குப் போன மருமகன் தொலைபேசியில் பரப்பியது: அங்கே மேப்பிளும் இப்படித்தான் வடியுமாம். பொருந்தாது. மேப்பிளுக்கு இரவில் உறையவும் பகலில் உருகவும் வேண்டும். அதில்தான் கட்டைக்குள் அழுத்தம் ஏறி இனிப்புநீர் கசியும். மலாக்காவில் பனிக்கட்டி செண்டோல் கடையோடு சரி. தவிர, பால்மரத்தின் பால் கட்டையில் இல்லை, உள்பட்டையின் நுண்குழாய்களில் இருக்கிறது. பாகு காய்ச்சலாமா என்று கேட்ட மருமகன் கவனிக்க: அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரப்பர்.

அந்தக் குழாய்களில் இரவெல்லாம் அழுத்தம் கூடும். வெயில் ஏறி இலைகள் நீரை இழந்தால் குறையும். பால்வெட்டுவோரை இருட்டோடு பிரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்கு நிற்க வைத்ததற்குக் கங்காணியின் குணம் மட்டுமே காரணமல்ல என்பது இங்கே பதிவு செய்யப்படுகிறது; அதுவும் காரணம்தான். மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கலாம் என்று காட்டியவர் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் ரிட்லி. அவர் பேச்சை நம்பி மலாக்காவின் டான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கிலும், பிறகு புக்கிட் அசகானிலும் நட்டார். எனவே நம் மரத்தின் குலம் கோத்திரத்தில் குறையில்லை.

அழுத்தம் இருந்தாலும் காயமில்லாமல் பால் வராது. முள்ளம்பன்றி பட்டையைக் கடிக்கும். ஆனால் பல்தடம் இல்லை. மழைக்காலத்தில் பைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிர் பட்டையை அழுகவைத்தாலும் கசியும். அப்போது நாற்றம் குடலைப் பிடுங்கும். இங்கே நாற்றமும் இல்லை. கசிவோ ஆள் உயரத்தில், வீட்டைப் பார்த்த பக்கம். அங்கே ஓர் ஆணி. ஆணியில் துணிக்கொடி, கொடியில் ஈரக் கைலி. பால் தானே உறைந்து காயத்தை அடைத்துவிடும். கைலி காற்றில் ஆட, ஆணி அசைந்து அடைப்பு பிளக்கும்.

ஆணி அடித்தவர் யார் என்று விசாரித்தோம். காலமெல்லாம் பால்வெட்டிய வீட்டுப் பெரியவர், “எனக்கா மரத்தப் பத்திச் சொல்றீங்க?” என்று சுத்தியலோடு எழுந்தார். மாமரத்திலும் பிசின் வடியும் என்று நாங்கள் சொல்வதற்குள் அதில் ஆணி இறங்கிவிட்டது.